வீட்டில் சொல்லிக் கொடுத்த கேள்வி

அந்தப் பையனுக்கு அவ்வளவு கனத்த குரல் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஏழு வயது, ஒட்டிப்போன உடம்பு, சட்டைக் காலருக்குள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். மாதக்கணக்காக நாங்கள் கேட்கக் காத்திருந்த குரல் அது. ஒரு வியாழக்கிழமை காலையில், எங்கள் மையத்தின் சின்ன அறையில், பச்சைப் பாயின் மேல் உட்கார்ந்திருந்தபோது அது வெளியே வந்தது. மின்விசிறி சத்தத்தையும் மீறி, அடித்தொண்டையிலிருந்து, கொஞ்சம் கரகரப்பாக. குரல் முதலில் காதில் விழுந்தது. அது சொன்ன சொற்கள் எனக்கு உறைக்கச் சற்று நேரமானது. அதற்குப் பிறகு இந்த வேலையில் எத்தனையோ குழந்தைகள் வாய் திறந்து சொன்னவற்றைக் கேட்டுவிட்டேன், சில கேட்கக் கூடாதவை. ஆனால் அன்று அதிர்ந்தது போல் அதிர்ந்தது, அதே பையனைப் பற்றிக் கேட்ட இன்னொரு நாளில்தான்.

அப்போது நான் எம்.எஸ்.டபிள்யூ., சமூகப்பணிப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் திருச்செங்கோடு. அப்பாவுக்குப் போர்வெல் வண்டி. வருடத்தில் பாதி நாள் வண்டியோடு வடக்கே இருப்பார். குழந்தைகளின் மனநலத்தில் வேலை பார்க்கப் போகிறேன் என்றதும், "கிறுக்குப் புடிச்சவங்களோட உக்கார்றதுக்கா இத்தன செலவு?" என்று போனிலேயே கத்தினார். எனக்கும் வாய் நீளம், திருப்பிக் கத்தினேன். எங்கள் வகுப்பு ஒரு கதம்பம். கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்தவன் ஒருவன். ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்து எங்கள் 'ங்க' போடும் பேச்சைக் கேலி செய்துகொண்டே இருந்தவள் ஒருத்தி. ஊன்றுகோலோடு மாடிப்படி ஏறி எங்களுக்கு முன்னால் வகுப்பில் இருப்பவள் ஒருத்தி. கல்லூரி விழா மேடையில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், எத்தனை விதமான வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள் பாருங்கள் என்று. பெருமை மேடையோடு சரி. களப்பணிக்கு என்று அனுப்பும்போது எல்லோர் கையிலும் ஒரே மாதிரி ஒரு அடையாள அட்டையைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். யாருக்கு எந்த வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை என்பது வேறு விஷயம், எனக்குத் தோன்ற வேண்டிய தேவையே வந்ததில்லை.

அந்த வகுப்பில் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம், பேராசிரியர்கள் உட்பட. பள்ளிபாளையத்துக்காரர். பத்தாவது முடித்ததும் நூல் மில்லுக்குப் போய், மில் விடுதியிலேயே தங்கி, அஞ்சல் வழியில் மேலே படித்து, பட்டம் வாங்கி, பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். முதல் நாளே நான் அவரைக் குடைந்து எடுத்துவிட்டேன், ஏன் இந்தப் படிப்பு, அதிலும் ஏன் குழந்தைகள் என்று. விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாளாம். காற்றுக் கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள், பூசாரியை வரவழைத்தார்கள், கடைசியில் ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். "ஒரு ஆளு பக்கத்துல உக்காந்து என்னாச்சு கண்ணுன்னு கேக்கலீங்க. எப்படி உக்காரணும்னு எனக்கும் தெரியல. தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்" என்றார். அவ்வளவுதான். நான் அரைமணி நேரம் பேசுவதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். அதனாலேயே எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

களப்பணிக்கு எங்கள் இருவரையும் திருச்செங்கோடு பக்கம் ஒரு குழந்தைகள் ஆலோசனை மையத்தில் போட்டார்கள். அந்த மையத்தை நடத்தியவரை மேடம் என்போம். நல்ல மனுஷி, மூக்கின் மேல் கோபம், ஆனால் எங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைத் திறப்பார். அங்கே ஒரு பணியிடம் காலியாக இருந்தது. எடுத்த ஒரு குழந்தையை நல்லபடியாகக் கரையேற்றினால் படிப்பு முடிந்ததும் அக்காவையே அதில் வைத்துக்கொள்வதாக மேடம் ஜாடையாகச் சொல்லியிருந்தார். மில்லுக்குத் திரும்பிப் போகாமலிருக்க அக்காவுக்கு இருந்த ஒரே வழி அதுதான். அப்படி அவர் கைக்கு வந்த குழந்தைதான் அந்தப் பையன்.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. அப்பாவுக்குக் கோழிப் பண்ணையும் இரண்டு லாரியும். பெரியப்பா, அப்பா என்று கூட்டுக் குடும்பம். பையன் வீட்டுக்குள் வாய் ஓயாமல் பேசுவான், கோழியோடு பேசுவான், லாரி டயரோடு பேசுவான். வாசல் கேட்டைத் தாண்டிவிட்டால் ஒரு சொல் வராது. வீட்டுக்கு வெளியாள் வந்தாலும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் திமிர் என்று நினைத்து முட்டி போட வைத்தார்கள். ஒன்றுக்கு வருகிறது என்று கேட்க முடியாமல் நனைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அடுத்த வருடம் அவனை விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்க்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. அந்தப் பள்ளியில் பிள்ளையைப் பேசச் சொல்லிப் பார்த்துத்தான் சீட் கொடுப்பார்கள். "எப்படியாச்சும் பேச வெச்சுருங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க" என்று அவன் அப்பா முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டார்.

அக்கா அவனைப் பேசச் சொல்லவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து லாரிப் படம் வரைவார். அவன் சக்கரம் போடுவான். சில வாரம் கழித்து ஊதல் ஒன்றை வைத்து ஹாரன் அடித்தார்கள். பிறகு வாயாலேயே ஹாரன். பிறகு அம்மாவின் காதில் கிசுகிசுப்பு, அதை அம்மா உரக்கச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அக்கா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவைத்திருந்தார். என்றைக்காவது அவன் வாய் திறந்தால் யாரும் கை தட்டக் கூடாது, ஆகா ஓகோ என்று கொண்டாடக் கூடாது. கொண்டாடினால் பேசுவது ஏதோ பெரிய வித்தை என்று பயந்து மறுபடியும் உள்ளே போய்விடுவான். அவன் என்ன கேட்கிறானோ அதற்குப் பதில் சொல்ல வேண்டும், தினமும் பேசுகிறவனுக்குச் சொல்வது மாதிரி. வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே பாடத்தைத்தான் படித்தோம். எனக்கு அது பரீட்சைக்கு, அக்காவுக்கு அது அந்தப் பையன்.

அவன் பழகிய இடத்திலேயே அவனோடு இருந்து பார்க்கலாம் என்று வீட்டுக்கும் போவோம். மையத்தின் வழக்கப்படி இருவராகத்தான் போக வேண்டும். ஒருவர் குழந்தையோடு, மற்றவர் சும்மா உட்கார்ந்து கவனிக்க. அந்த வீட்டு மரியாதையைச் சொல்லி மாளாது. "வாங்க அம்மிணி, வெய்யில்ல வந்திருக்கறீங்க, மோரு குடிங்க" என்று பெரியப்பாவே எழுந்து நாற்காலி இழுத்துப் போடுவார். கூடவே கேள்விகளும் வரும். என்னிடம் ஊர் கேட்டார்கள், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள், குலதெய்வம் எந்தக் கோயில் என்று கேட்டார்கள். நான்தான் வாயாடியாயிற்றே, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். "அட, நம்ம புள்ளைங்க!" என்று பெரியப்பா முகம் மலர்ந்தது. அக்காவிடமும் கேட்டார்கள். "பள்ளிபாளையமுங்க" என்றார். பள்ளிபாளையத்தில் எந்தப் பக்கம்? "ஆத்தோரமுங்க." அப்பா? "இல்லீங்க, தவறிட்டாரு." கோயில்? "அம்மன் கோயிலுங்க." எதுவும் பொய் இல்லை. எதுவும் அவர்களுக்குப் போதவும் இல்லை. ஒவ்வொரு வாரமும் வேறு திசையிலிருந்து ஒரு கேள்வி வரும், அத்தனை பணிவோடு, அத்தனை 'ங்க'வோடு. பாசத்தில் விசாரிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது ஒருநாள், "உங்களப் பத்தித் தெரிஞ்சுக்க அவங்களுக்கு எவ்வளவு ஆசை பாருங்க" என்றுகூடச் சொன்னேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, ரொம்ப ஆசைதான்" என்றார். அந்தக் குரலில் இருந்ததை அப்போது எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய சமயம். பையன் எங்கள் எதிரிலேயே அம்மாவிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தான். எங்களிடம் நேராக ஒரு சொல் வர வேண்டும், அதுதான் பாக்கி. 'சாப்டீங்களா' என்று கேட்கச் சொல்லிப் பார்த்தாயிற்று. அதில் அவனுக்கு ஒரு அக்கறையும் இல்லை, நாங்கள் சாப்பிட்டிருப்போம் என்று அவனுக்கே தெரியும். அதனால் அக்கா அவன் அம்மாவிடம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். "எங்கிட்ட கேக்கறதுக்கு அவனுக்கு ஒரு கேள்வி சொல்லிக் குடுங்க. பதிலு அவனுக்குத் தெரியாத கேள்வியா இருக்கோணும். உங்க ஊட்டுல எல்லாருக்குமே தெரிஞ்சுக்க ஆசையா இருக்கற கேள்வின்னா இன்னும் நல்லதுங்க, அப்பத்தான் பதிலோட வாரேன்னு அவனுக்கு ஒரு வேகம் வரும்." அந்த அம்மா மண்டையை மண்டையை ஆட்டிக்கொண்டார். அதிகம் பேசாத பெண், கணவர் இருக்கும் இடத்தில் புடவைத் தலைப்பை வாய்ப் பக்கம் வைத்துக்கொண்டே நிற்பார். இதில் என்ன தவறு சொல்ல முடியும்? இன்றைக்கு எந்த மாணவி இப்படி ஒரு வீட்டுப்பாடத்தை எழுதிக் கொண்டுவந்தாலும் நான் சபாஷ் என்றுதான் சொல்லியிருப்பேன், அந்த வியாழக்கிழமை மட்டும் என் வாழ்க்கையில் வராமல் இருந்திருந்தால்.

அந்த வியாழக்கிழமை அப்பா, அம்மா, பையன் மூவரும் மையத்துக்கு வந்தார்கள். அப்பா வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே சுவரோரம் உட்கார்ந்தார், நான் மூலையில். பையன் அம்மாவின் மடியிலிருந்து எழுந்தான். பாயைக் கடந்து வந்து அக்காவுக்கு நேர் எதிரே நின்றான். இரண்டு கையையும் டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டு, பாடம் ஒப்பிப்பவனைப் போல, கேட்டான்.

"டீச்சர், நீங்க என்ன சாதிங்க?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆனந்தம். "ஏனுங்க, பேசிட்டானுங்க, பேசிட்டானுங்க" என்று வராந்தாவைப் பார்த்துக் கத்தினார். அப்பா கதவருகில் ஓடிவந்து எட்டிப் பார்த்தார், கண் கலங்கியது, பேச்சு வராமல் கையை ஆட்டிவிட்டு எதிர்க் கடையைப் பார்த்து ஓடினார், இனிப்பு வாங்க. இத்தனையும் என் கண்முன் நடக்கிறது, நான் மூலையை விட்டு எழவே இல்லை. மாதக்கணக்காக உட்கார்ந்து, படம் வரைந்து, ஹாரன் அடித்து, ஒரு பூட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது இது. அதுவும் எப்படி? அந்த வீட்டின் பெரியவர்கள் மோரும் மரியாதையும் கொடுத்துச் சுற்றிச் சுற்றிக் கேட்டும் கிடைக்காததை, பேசவே பேசாத பிள்ளையின் வாயில் போட்டு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டபடியேதான் செய்திருந்தார்கள். பையனுக்குப் பதில் தெரியாது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

நான் அக்காவைப் பார்த்தேன். சமாளித்துவிடுவார், பேச்சை மாற்றிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் மாற்றியிருப்பேன், அல்லது கத்தியிருப்பேன். அவர் கழுத்து நரம்பு ஒருமுறை எழும்பி அடங்கியது. பையன் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான். அவன் வாழ்நாளில் வெளியாள் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதற்குப் பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்குத் தெரியும். அவர் சொன்னார். மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல, அதே குரலில், சாதியின் பெயரை முழுசாகச் சொன்னார். அது என்ன என்று வாசிக்கிற உங்களுக்கும் ஒரு நமைச்சல் இருக்கும். இருக்கட்டும், நான் எழுதப்போவதில்லை. சொல்லிவிட்டு, "அப்புறம்? வேற என்ன தெரியணும் சாமி?" என்று கேட்டார்.

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கேட்டான், பதில் வந்துவிட்டது, உலகத்தில் ஒன்றும் இடிந்து விழவில்லை. கொஞ்சம் யோசித்தான். "உங்களுக்கு லாரி ஓட்டத் தெரியுங்களா?" என்றான். யாரும் சொல்லிக் கொடுக்காத கேள்வி, சுத்தமாக அவனுடையது. "தெரியாது, நீ ஓட்டுவியா?" என்றார் அக்கா. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் அவன் அம்மாவைப் பார்த்தேன். அழுகை பாதியில் நின்றிருந்தது. கண்ணீர் கன்னத்தில் அப்படியே இருக்க, அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பையனின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை. அப்பா ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார். மனைவி அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் முகம் மாறவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும், சிரிப்புகூட அப்படியே இருந்தது. அக்காவை நோக்கி நீட்டிய பொட்டலம் மட்டும் பாதி வழியில் திரும்பி என்னிடம் வந்தது. "நீங்களே எல்லாருக்கும் குடுத்துருங்க அம்மிணி" என்றார். வாங்கிக்கொண்டேன். இன்றுவரை ஜிலேபியைக் கண்டால் எனக்குக் குமட்டும்.

அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அப்பா மட்டும் வந்து மேடம் அறையில் உட்கார்ந்தார். எங்கள் இருவரையும் மேடம் கூப்பிட்டார். அவர் எழுந்து நின்று கும்பிட்டார், அக்காவையும் சேர்த்துத்தான். "அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க. தங்கமான பொண்ணுங்க. ஊட்டுல பெரியவரு இருக்கறாரு, நாலு சனம் வந்து போற எடம். பையன இனிமே இந்தப் புள்ள பாத்துக்கட்டுங்க" என்று என்னைக் காட்டினார். 'அட, நம்ம புள்ளைங்க' என்று அன்றைக்குப் பெரியப்பா மலர்ந்ததன் அர்த்தம் அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. என்னால முடியாதுங்க என்று கத்தியே விட்டேன். மேடம் என்னை அடக்கி, அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுல உன்னைய எதுக்கும்மா நான் கஷ்டப்படுத்தணும்? வேற ஒரு குழந்தையத் தர்றேன். மார்க்கு, வேலை எல்லாம் நான் பாத்துக்கறேன். இந்தக் கேஸை விட்டுரு" என்றார். அன்போடுதான் சொன்னார். எங்களைப் போன்ற மாணவர்களுக்குக் கொடுக்க எல்லோரிடமும் இருந்த ஒரே ஆதரவு அதுதான், அடிபட்டவரை அந்த இடத்தைவிட்டு எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைப்பது.

அக்கா கையை மெதுவாக உருவிக்கொண்டார். "எனக்காக இல்லீங்க மேடம். அவன் மொத மொதல்ல ஒரு கேள்வி கேட்டான், நான் பதில் சொன்னேன். அடுத்த வாரம் வந்து பாத்தா நான் இல்லைன்னா, அவன் என்ன நெனைப்பான்? நாம வாயத் தொறந்தோம், டீச்சர் போயிட்டாங்கன்னு நெனைப்பான். அப்புறம் சென்மத்துக்கும் தொறக்க மாட்டானுங்க." மேடம் எழுந்து வெளியே போய், இதே ஆள்தான் பார்ப்பார், மாற்ற முடியாது என்று சொன்னார். பையனின் அப்பா வாதாடவில்லை. "சரிங்க, அப்ப நாங்க ஊட்டுல கலந்துக்கறமுங்க" என்று சொல்லி, மறுபடியும் எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர்கள் வரவில்லை. வியாழக்கிழமை வந்தால் அக்கா பச்சைப் பாயை விரித்து, பேப்பரும் கலர் பென்சிலும் எடுத்து வைத்து, பஸ் வந்து நிற்கும் சத்தத்துக்கெல்லாம் தலையைத் தூக்குவார். வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர், குழந்தை ஏன் பாதியில் நின்றுவிட்டது என்று கேட்டதற்கு, "அவன் நிக்கலீங்க, நிறுத்திட்டாங்க" என்றார். மதிப்பெண் சுமார்தான். வேலை மட்டும் மேடம் கொடுத்தார், யாரோ எதிர்த்தும் பிடிவாதமாக.

பள்ளிகள் திறந்த பிறகு ஒருநாள் நான் சான்றிதழ் விஷயமாக மையத்துக்குப் போயிருந்தேன். அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார், தனியாக, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. வீட்டுக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்திருந்தார். அக்கா எழுந்து வந்தார். உள்ளே வராமல் படியிலேயே நின்று அந்த அம்மா சொன்னதைக் கேட்டபோதுதான் நான் இரண்டாம் முறை அதிர்ந்தேன். அந்த வியாழக்கிழமையிலிருந்து பையன் எல்லோரிடமும் பேச ஆரம்பித்துவிட்டானாம். பேச்செல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் தொடங்கும். வகுப்பு டீச்சரிடம் கேட்டான். வேன் டிரைவரிடம் கேட்டான். பண்ணைக்குத் தீவனம் இறக்க வந்தவர்களிடம் கேட்டான். விடுதிப் பள்ளியில் சீட்டுக்குப் போன இடத்தில், பேர் என்ன என்று கேட்ட பெரிய சாரிடம், பேரைச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்டான், "நீங்க என்ன சாதிங்க சார்?" அவனைப் பொறுத்தவரை அது அம்மாவை ஆனந்தத்தில் அழ வைத்த கேள்வி, அப்பாவை இனிப்பு வாங்க ஓட வைத்த கேள்வி. சீட் போயிற்று. அதைவிட நாலு பேர் முன்னால் மானம் போயிற்று. அப்பா அவனை வராந்தாத் தூணோரம் நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, "இனி வாயத் தொறப்பியா, தொறப்பியா" என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார். எப்படியாவது பேச வையுங்கள் என்று யார் கையெடுத்துக் கும்பிட்டாரோ, அதே மனிதர். அன்றோடு பையன் வீட்டுக்குள்ளும் பேசுவதில்லை. கோழியிடம்கூடப் பேசுவதில்லை.

"நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன்" என்றார் அந்த அம்மா. "நீங்க ஊட்டுல எல்லாருக்கும் ஆசையா இருக்கற கேள்வின்னு சொன்னீங்க. ராவெல்லாம் யோசிச்சேனுங்க. எனக்கு வேற கேள்வியே தெரியலீங்க." தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பேசினார், அதை அன்றுதான் பார்த்தேன். பிறகு, "உங்களுக்குக் கோவமே வரலீங்களா?" என்று அக்காவிடம் கேட்டார். "வந்துச்சுங்க" என்றார் அக்கா. "இன்னும் இருக்குதுங்க. உள்ள வந்து உக்காருங்க."

படிப்பு முடிந்து நான் சேலத்தில் வேலைக்குப் போய்விட்டேன். இப்போது என்னிடமும் மாணவர்கள் களப்பணிக்கு வருகிறார்கள், வாழப்பாடியிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும், என்னென்னவோ வீடுகளிலிருந்து. அவர்களை எப்படி ஆதரிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி வைக்கிறார்கள், நானும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். என் மாணவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிவிடுவது ஒன்றுதான். எந்த வீட்டார் வந்து கேட்டாலும் உங்களை நான் மாற்ற மாட்டேன், நீங்களாக வந்து கேட்டாலொழிய. ஏன் இதைச் சொல்கிறார்கள் என்று புரியாமல் பாதிப் பேர் முழிப்பார்கள். மீதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள், அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பையன் திரும்ப வாய் திறக்க மறு வருடம் ஆனது. அம்மா வாராவாரம் வந்தார், முதலில் திருட்டுத்தனமாக, பிறகு சொல்லிவிட்டே. ஒரு கட்டத்தில் அப்பா பைக்கில் கொண்டுவந்து வாசலில் விட்டார், பிறகு வராந்தாவில் உட்கார்ந்தார். பேசிவிட்டான் என்று அக்கா எனக்குப் போன் செய்தபோது நான் ஆபீசிலேயே எழுந்து நின்றுவிட்டேன். "என்ன கேட்டான்?" என்றேன். "கேக்கலீங்க. சொன்னான்" என்றார். என்ன சொன்னான்?

"'பேசுனதுக்கு எங்கப்பா என்னைய அடிச்சாரு'ன்னு சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கை தட்டல. 'ஆமா சாமி, அது அவரு செஞ்ச தப்பு'ன்னு சொன்னேன்" என்றார் அக்கா. "அவரும் அன்னைக்கு உள்ளதான் இருந்தாரு. எம் பக்கத்துல, பாயில."